வெண்ணெயும் சுண்ணாம்பும்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, முழுக்க வீட்டில் இருந்தே படித்தவன். நான் பத்து வயது வரை வீடு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. தம்பிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இத்தனை நாள் வீட்டில் இருந்தவன், வருகிற ஜூனில் ஏழாம் வகுப்பில் சேரப் போகிறான்.

விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி கதைதான். "பெத்த பிள்ளைகளுக்குள்ளயே ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?" என்று பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கல்வி வட்டத்திலிருந்து வந்த போனில், "கடைசியில நீங்களும் சரணடைஞ்சுட்டீங்களா?" என்றார் ஒருவர். முதல் கட்சிக்கு எல்லாப் பிள்ளையும் பள்ளிக்குப் போகணும். இரண்டாம் கட்சிக்கு எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. மற்றபடி முகம் கொடுத்துக்கூடப் பேசிக்கொள்ளாத இந்த இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் கைகோர்த்து நிற்கின்றன: ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வழியில்தான் படிக்க வேண்டுமாம். என் சண்டை அந்த 'மாம்' மேல்தான்.

பெரியம்மாவைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் நம்ம ஆட்கள்.

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கூடுகிற இடங்களுக்குச் சின்ன வயதிலிருந்து போயிருக்கிறேன். தவறாமல் யாராவது ஒருவர் எழுந்து, பள்ளிக்கூடம் என்பது இட்லித்தட்டு, எந்த மாவை ஊற்றினாலும் ஒரே வடிவம்தான் வரும் என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். சரி, அதே பேச்சாளரின் நடுப்பெண், "எனக்குப் பள்ளிக்கூடம் போகணும்ப்பா" என்று வாய்விட்டுக் கேட்டால்? "அவளுக்கு இன்னும் புரியல", "அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துட்டுச் சொல்றா", "கொஞ்ச நாள்ல சரியாயிடும்". பள்ளிக்கூடம் இட்லித்தட்டு என்றால் இது என்னங்க, பணியாரச் சட்டியா? குழியின் அளவு மட்டும்தானே வேறு!

ஒவ்வொரு பிள்ளையும் தனி என்று சொல்லித்தான் பள்ளியை விட்டு வெளியே வந்தீர்கள். வெளியே வந்ததும் மூன்று பிள்ளைக்கும் சேர்த்து ஒரே தீர்மானம் போட்டால், நீங்கள் விட்டுவந்த தலைமையாசிரியருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது ஆயிரம் பிள்ளைகள். உங்களுக்கு மூன்றே மூன்று.

இது நமக்குப் புதிதும் இல்லை. இந்தியாவின் மிகப் பிரபலமான வீட்டுக்கல்வித் தந்தை யார் தெரியுமா? காந்தி. 1897-இல் குடும்பத்தோடு டர்பனில் இறங்கியவருக்கு, பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்பது உடனே பிரச்சினையாகிவிட்டது. ஐரோப்பியர் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை என் பிள்ளைக்கும் வேண்டாம் என்றார். அந்தக் கொள்கையின் முன் கைகூப்பத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மூத்தவர் ஹரிலாலைச் சில மாதங்கள் இந்தியாவில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார், பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார். அதன் பிறகு வீடும் ஆசிரமமும்தான் பள்ளி. வேலை நெருக்கடியில் தினமும் ஒழுங்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் முடியவில்லை.

இந்த ஏற்பாடு பிள்ளைகளுக்கு எப்படி ஒத்துப்போனது? மணிலால் ஃபீனிக்ஸில் வளர்ந்து, 1920 முதல் 1956-இல் சாகும்வரை 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்தினார். கடைக்குட்டி தேவதாஸ் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரானார். ஹரிலாலுக்கோ பள்ளிப்படிப்பு வேண்டும், மெட்ரிகுலேஷன் வேண்டும். 1911-இல், கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்த பிறகு, 23 வயதில், அப்பாவோடு முறித்துக்கொண்டு மெட்ரிகுலேஷன் படிக்க இந்தியாவுக்குக் கப்பலேறினார். இங்கிலாந்தில் போய்ப் படிக்க ஒரு உதவித்தொகை வந்தபோது, அப்பா அதைத் தன் மகனுக்குத் தராமல் வேறொருவருக்குக் கொடுத்தார் என்பது இன்னொரு ஆறாத புண். ஹரிலாலின் பிற்கால வாழ்க்கை சீரழிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் மூத்த மகன் தன் வேதனையைத் தன்னிடமும் சொன்னான், பத்திரிகையிலும் எழுதினான், மற்றவர்கள் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்கள் என்று காந்தியே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பாரபட்சமே இல்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்த அப்பாதான் அவர். நான்கு பேருக்கும் ஒரே மருந்து, ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு மருந்து கேட்டபோது கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். அண்ணன் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டால் மூன்று நாள் யாரோடும் பேச மாட்டான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் திணிக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து அவனை எழுப்பிவிட்டிருந்தால் ஒன்றுமில்லாமல் போயிருப்பான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரலில் இரண்டு, அக்டோபரில் மூன்று என்று எழுதி முடித்தான். அவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

தம்பி அந்த ரகமே இல்லை. காலை ஒன்பது மணிக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கிளம்பிப் போனதும் வாசலில் நிற்பான். நாலரை மணிக்குத்தான் அவனுக்கு உயிர் வரும். தனியாகக் கணக்குப் போடச் சொன்னால் தூங்கிவிடுவான், நாலு பேரோடு போட்டி என்றால் நாற்பது கணக்குப் போடுவான். அவனை வீட்டில் உட்கார வைத்து இதுதான் விடுதலை என்று சொல்லச் சொல்கிறீர்களா?

சட்டம் படிக்கிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் 86-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்த பெற்றோர் கடமை, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தருவது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவோ, அருகமைப் பள்ளியில் சேர்ப்பதையே கடமை என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன. அதனாலோ என்னவோ, நம்மவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வருகிறது. பயத்தில் 4-ஆவது பிரிவைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பள்ளியிலேயே சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்குச் சமமாக வர சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது அது. வீட்டுக்கல்விப் பிள்ளைக்குத் திரும்பி வரும் கதவு அதுதான். (முதலில் விசாரித்த ஒரு தனியார் பள்ளியில் "டிசி கொண்டு வாங்க" என்றார்கள். பள்ளிக்கே போகாதவனுக்கு டிசி! கிணற்றைக் காணோம் கதைதான்.) 2012-இல் செய்த திருத்தமோ, கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளை விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்றது. ஆக, ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வீடும் இன்னொரு பிள்ளைக்குப் பள்ளியும் தேவைப்படலாம் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஒரு விலை உண்டு, அதையும் பிள்ளைக்குப் பிள்ளை தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும். 2018 ஜனவரியில் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று அறிவிப்பு வந்தது. மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனாலும் தேசிய மருத்துவ ஆணையம் திறந்தநிலைப் பள்ளிகளை ஏற்பதாகச் சொல்ல 2023 நவம்பர் ஆகிவிட்டது. டாக்டர் கனவோடு இருந்த பிள்ளை அத்தனை வருடமும் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கும். ரேடியோ பிரிக்கிற அண்ணனுக்கு அந்தச் செய்தி காதில்கூட விழவில்லை. இங்கே தமிழ்நாட்டில் 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், சட்டம் போன்றவற்றுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அதே ஆறாம் வகுப்புக் கணக்குதான். கல்லூரியில் சேர்ந்ததும் எனக்கு அந்த ஆயிரம் வந்தது. நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் கிடையாது, தோழிகள் வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் இன்று பத்து வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கொள்கை பேசுமுன் இந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டுப் பேசுங்கள். தம்பி ஏழில் சேர்வதால் இதில் இடம் இல்லை. அதையும் அவனிடம் சொல்லியாகிவிட்டது.

இப்போது பெரியம்மா.

அவர் கேட்டதில் அர்த்தமே இல்லை என்று தள்ள மாட்டேன். பிள்ளைக்குப் பிள்ளை வேறு வழி என்ற பேச்சுக்குள் ஒரு பழைய திருட்டுத்தனம் ஒளிந்திருக்க முடியும். ஆம்பளைப் பிள்ளைக்கு ஆங்கில வழி, பொம்பளைப் பிள்ளைக்கு இலவசப் பள்ளி. அவன் படிப்பு முதலீடு, அவள் படிப்பு செலவு. கேட்டால் "அவளுக்கு அது போதும், அவளுக்கு அதுதான் ஒத்துவரும்" என்பார்கள். ஒத்துவருமா என்று அவளைக் கேட்டவர் யார்? நான் பார்ப்பது இரண்டே விஷயம்தான். பிள்ளை கேட்டுப் போனதா, பெற்றோர் தள்ளிவிட்டார்களா? பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா?

பணத்தையும் பார்க்க வேண்டும், அது பொய் சொல்லாது. அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பேர் செலவையும் தனித்தனியாக எழுதுவார். வீட்டில் படிப்பது மலிவு என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. புத்தகம், தேர்வுக் கட்டணம், உதிரி பாகங்கள் என்று அண்ணன் கணக்குதான் எப்போதும் எகிறும். வருடக் கடைசியில் எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசத்தை என் பெயரில் தபால் ஆபீஸில் போட்டுவிடுவார். முதல் முறை போட்டபோது, இது எதுக்கும்மா என்று கேட்டேன். "நாளைக்கு நீ என்னைக் கேள்வி கேக்கக் கூடாதுல்ல" என்றார்.

பெரியம்மா வீட்டில் அண்ணன் வேனில் ஏறி சிபிஎஸ்இ பள்ளிக்குப் போனான். அவனைவிட நன்றாகப் படித்த அக்கா டவுன் பஸ்ஸில் அரசுப் பள்ளிக்குப் போனாள். பன்னிரண்டு முடிந்ததும் போதும் என்று நிறுத்தினார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு வெண்ணெய், சுண்ணாம்பு என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.