கருவிப் பெட்டி: ஒரு சனல் உரக்க, மற்றது மெல்ல



இம்முறை எழுத நினைத்திருந்தது தையல் மெசின் பற்றி. ஆனால் எங்கள் நகரில் ஒரு தம்பி தனது கிற்றார் அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றதால் விடயம் மாறிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கிற்றார் பழகுகிறார்கள். ஆகவே இது இன்னும் சில வீடுகளுக்கும் உதவும்.

தம்பியின் தகப்பனார் உணவகச் சமையலறையில் இரவு வேலை. மகனுக்காகப் பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். முன்பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. அதில் இரண்டு சனல். ஒன்று சுத்தமான ஒலிக்கு, மற்றது கரகரத்த றொக் ஒலிக்கு. சுத்தமான சனலை முழுவதும் திருகினாலும் முனகல்தான் வரும். காலால் மிதித்து மற்றச் சனலுக்கு மாற்றினால் மண்டபமே அதிரும். ஒரு பிறந்தநாள் விழாவில் முன்வரிசையில் இருந்த அம்மம்மாமார் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டார்களாம். திருத்தகத்தில் நூற்றெண்பது யூரோ மதிப்புப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெட்டியை வாங்கிய விலையே அதைவிடச் சற்றுத்தான் கூட. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.

"மாமா, இதை வித்துப்போட்டுப் பேசாமல் விடட்டோ?" என்றான்.

இங்கே ஒரு சிறு விடயம். திருத்துவதற்கு முன் செலவு மதிப்பீடு கேட்டால், அதற்குக் கட்டணம் உண்டு என்று முன்கூட்டியே பேசியிராவிட்டால் பொதுவாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜேர்மன் சிவில் சட்டத்தின் 632 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் ஒப்பமிடும் தாளை ஒருமுறை வாசியுங்கள்.

இனிப் பெட்டிக்கு வருவோம். முதலில் இது பழுதுதானா என்று பார்க்க வேண்டும். கரகரத்த சனலில் சைகை பல தடவை பெருக்கப்படுவதால் அது இயல்பாகவே உரக்கத்தான் இருக்கும். அதற்கு 'கெயின்', 'மாஸ்ரர்' என்று இரண்டு குமிழ் உண்டு. சுத்தமான சனலை வேண்டிய அளவுக்கு வைத்துவிட்டு, மற்றதன் மாஸ்ரரைக் குறைத்துச் சமப்படுத்த வேண்டும். பாதிப் பேருடைய முறைப்பாடு இதோடு தீர்ந்துவிடும். தம்பியுடையது தீரவில்லை.

அடுத்த கேள்வி: சத்தம் குறைவது இரண்டு சனலிலுமா, ஒன்றில் மட்டுமா? இரண்டிலும் என்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். கிற்றார் வயர், நுழைவுத் துளை, அல்லது பின்னால் 'சென்ட்', 'றிற்றேர்ன்' என்று எழுதிய இரு துளைகள். எவரும் பாவிக்காத அந்தத் துளைகளுக்குள் இருக்கும் சிறு தொடுகைத் தகடு காலப்போக்கில் கறுத்துவிடும். ஒரு குட்டை வயரால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்தால் குற்றவாளி அதுதான். சில பெட்டிகளில் இத்துளைகள் ஒரு சனலுக்கு மட்டும் இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரைந்தால், அல்லது சத்தம் விட்டுவிட்டு வந்தால், குமிழுக்குள் தூசி. அதற்கென்று விற்கும் துப்புரவுத் திரவம் இருக்கிறது. கதவுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம்.

தம்பியின் பெட்டியில் ஒரு சனலில் மட்டும்தான் குறை. வயர், குமிழ், துளை எல்லாம் சுத்தம். மிஞ்சியது வால்வுகள்.

ஊரில் வால்வு றேடியோ இருந்த வீட்டாருக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஜேர்மன்காரர் 'றோரே' என்பார்கள். முன்பெருக்கிகளில் பெரும்பாலும் இருப்பது ஈ.சி.சி. 83. அமெரிக்கர் அதையே 12 ஏ.எக்ஸ். 7 என்பர். அந்தப் பெயரே ஒரு விளக்கம்: ஈ என்றால் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ற். இரண்டு சி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனையங்கள். 8 என்றால் ஒன்பது கால் அடி. 3 என்பது வரிசை எண்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் கழற்றி, வால்வுகள் ஆறும்வரை தேநீர் குடித்தோம். பிறகு இரண்டாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் இடம் மாற்றிச் செருகினேன். இப்போது சுத்தமான சனல் கணீரென்றது. கரகரத்த சனல் சோர்ந்துபோனது! குற்றம் வால்வோடு சேர்ந்து நடந்துவிட்டது. அந்த வால்வைக் கழற்றி விளக்கடியில் பிடித்தால், தேய்ந்துபோன எழுத்து: ஈ.சி.சி. 82.

82 உம் 83 உம் ஒரே அளவு, ஒரே ஒன்பது கால், ஒரே குழியில் இருக்கும். ஆனால் 83 இன் பெருக்கக் காரணி 100; 82 இனுடையது இருபதுக்கும் குறைவு. ஒலி மென்மையாகட்டும் என்று முந்திய சொந்தக்காரர் வேண்டுமென்றே மாற்றியிருக்கக்கூடும். சிலர் அப்படிச் செய்வதுண்டு. கைநூலிலோ எல்லா இடத்துக்கும் 83 என்றே இருந்தது. புதியது இருபது யூரோவை ஒட்டி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டியில் வால்வுகள் பின்புறமாகவே கைக்கு எட்டின. உங்களுடையதில் உலோக மூடியைக் கழற்றினால்தான் வால்வு தெரியும் என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் நிற்கலாம். தம்பியின் தகப்பனார் முதல்நாளிரவு, வேலை முடிந்த களைப்போடு, அந்த மூடியின் நாலு ஆணியில் மூன்றைக் கழற்றியிருந்தார். நாலாவது தேய்ந்து சுற்றிக்கொண்டு நின்றதால் விட்டுவிட்டாராம். அந்த ஆணியை நான் மாற்றவில்லை.

அடுத்த இதழில் தையல் மெசின்.