குதிரைப் பந்தயச் சூது: குத்பாவோடு கணக்கும் தேவை

சூதாட்ட ஒழுங்குறுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டமூலம் 2025 ஓகஸ்ட் மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அது பற்றிய விவாதங்களில் கெசினோக்களும் இணையவழிச் சூதாட்டமுமே அதிகம் பேசப்பட்டன. ஆனால் எமது ஊர்களில் கூலித் தொழிலாளியின் கையிலிருந்து பணத்தை வாங்குவது கெசினோ அல்ல. நகரத்துச் சந்தியில் இருக்கும் 'ரேஸ் புக்கி'தான்.

இலங்கையில் குதிரைகள் ஓடுவது நுவரெலியாவில் ஒரு சில நாட்கள் மட்டுமே. புக்கிகளில் பெரும்பாலும் பணம் கட்டப்படுவது இங்கிலாந்து ஓட்டங்களுக்கு. அங்கே பிற்பகல் என்றால் இங்கே மாலை. நாட்கூலி கைக்கு வரும் நேரமும் அதுதான்.

சூது ஹராம் என்பது இதில் ஈடுபடும் எமது சகோதரர்களுக்கும் தெரியும். எனினும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது: "இது லொத்தர் மாதிரி அதிர்ஷ்டம் இல்லை. குதிரை, ஜொக்கி எல்லாம் பார்த்து, கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறோம்." கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் அந்தக் கணக்கையே இங்கு பார்க்கிறேன்.

ஆறு குதிரைகள் ஓடும் ஓர் ஓட்டத்தை உதாரணமாக எடுப்போம். வென்றால் ஒரு ரூபாவுக்கு முறையே 2, 3, 4, 6, 8, 10 ரூபா இலாபம் என்று விலை போடப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு என்றால் அந்தக் குதிரை வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, அதாவது 33.3 வீதம் என்று பொருள். மற்றவை 25, 20, 14.3, 11.1, 9.1 வீதம். ஏதாவது ஒரு குதிரைதான் வெல்லும் என்பதால் மொத்தம் 100 ஆக இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 112.8 வருகிறது.

மேலதிகமாக உள்ள அந்த 12.8 புத்தகக்காரரின் பங்கு. எல்லாக் குதிரைகளிலும் இந்த விகிதப்படி 112.80 ரூபா கட்டினால், எந்தக் குதிரை வென்றாலும் திரும்பக் கிடைப்பது 100 ரூபாதான். நூற்றுக்குப் பதினொரு ரூபாவுக்கு மேல் ஓட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டது. கிடைத்ததையே மீண்டும் மீண்டும் கட்டினால், 10,000 ரூபா பத்துச் சுற்றில் சராசரியாக 3,000 ரூபா அளவுக்குக் குறையும்.

"பெரிய விலைக் குதிரை ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கைக்கும் தரவுகள் பதில் சொல்கின்றன. பொருளியலாளர்களான எரிக் ஸ்னோபெர்க், ஜஸ்டின் வொல்ஃபர்ஸ் இருவரும் அமெரிக்க ஓட்டங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வோர் ஓட்டத்திலும் அதிகம் எதிர்பார்க்கப்படும் குதிரையில் கட்டியவருக்கு நட்டம் 5.5 வீதம். கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் 23 வீதம். ஒன்றுக்கு நூறும் அதற்கு மேலும் விலையுள்ள குதிரைகளில் கட்டினால் 61 வீதம். ஆசை கூடக்கூட நட்டமும் கூடுகிறது. விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர் தேடிப்போவதும் அந்தப் பெரிய விலைகளைத்தான்.

குதிரை ஓட்டம் இங்கே குற்றவாளி அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சூதில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை சூரா அல்பகராவின் 219ஆவது வசனம் மறுக்கவும் இல்லை; அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அறிவிக்கிறது. ஒருவர் வென்ற கதை ஊரெல்லாம் பரவுகிறது. தோற்றவர்களின் வீட்டு அடுப்பு எரியாதது வெளியே தெரிவதில்லை.

புதிய அதிகாரசபை அனுமதிப்பத்திரத்தையும் வரியையும் ஒழுங்குபடுத்தலாம். அந்த 112.8ஐ 100 ஆக்குவது அதன் வேலை அல்ல. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசும் இத்தொழிலிலிருந்து வரி பெற்றே வருகிறது. ஆகவே அரசை மட்டும் பார்த்திருக்க முடியாது.

சாதாரண தரக் கணித பாடத்தில் நிகழ்தகவு இருக்கிறது. நாம் அதை நாணயத்தோடும் தாயக்கட்டையோடும் முடித்துவிடுகிறோம். புக்கியின் விலைப் பட்டியலையும் ஒரு தடவை மாணவர்களைக் கொண்டு கூட்டச் செய்வோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர் நிகழ்ச்சிகளில் இதற்கு அரை மணிநேரம் ஒதுக்கலாம். ஹராம் என்று அறிந்தும் போகிறவருக்கு, தான் வெல்லவே முடியாத விலையில் வாங்குகிறார் என்பதையும் காட்டிக்கொடுப்பது எமது கடமை.