ஐசியுவுக்கு எப்போது மாறுவது?

பள்ளிப்பட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ பணிபுரியும் செவிலியர் ஒருவர் மயக்கவியலுக்கு மாற நினைத்தால், ஒன்றை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. அமெரிக்கா போன்ற நாடுகளில் அதைச் செவிலியரும் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் செவிலியருக்கான மயக்கவியல் படிப்பில் சேரக் குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு) அனுபவம் வேண்டும். 2022 முதல் புதிதாகச் சேருவோருக்கு அது முனைவர் நிலைப் படிப்பு. ஆகவே பொது வார்டிலேயே வருடங்களைக் கழிப்பதில் பயனில்லை. பழகிய வார்டை விட மனம் வராதுதான்.

ஆனால் அந்த ஓராண்டு விண்ணப்பத்துக்குப் போதும், கைக்குப் போதாது. நள்ளிரவில் ரத்த அழுத்தம் சரியும்போது, சிரிஞ்ச் பம்பில் ஓடும் நார்அட்ரினலினை ஏன் கூட்ட வேண்டும் என்று மருத்துவரிடம் காரணத்தோடு பேச வரவேண்டும்.

வெளிநாடு வேண்டாமா? இந்திய செவிலியர் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டாண்டு. அதற்கும் ஐசியு அனுபவம் உள்ளவரையே விரும்புகிறார்கள்.