பழைய நாற்காலி

வீட்டில் நாற்காலியின் மெத்தை கிழிந்துவிட்டால், அதனைப் புதுப்பிப்பதா, புதியது வாங்குவதா என்னும் வினா எழுகின்றது. பழையதற்குச் செலவிடுவது வீண் என்பர் சிலர். முன்னோர் அமர்ந்த பொருளை விடலாகாது என்பர் வேறு சிலர். இரு சாராரும் பொருளைப் பாராமலே முடிவு கூறுகின்றனர் என்பது என் கருத்து.

பொருளைப் பார்த்து முடிவு செய்யும் முறையை நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழிலிடம் நாம் கற்கலாம். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள்ளன. அடிச்சட்டமும் எஞ்சினும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அவற்றின்மேல் பாடியை அமைப்பவர் இவ்வூர்த் தொழிலாளர். பல ஆண்டுகள் ஓடிய லாரியின் பலகை உளுத்து, தகடு துருப்பிடித்தால், உரிமையாளர் உடனே வண்டியைக் கழித்துவிடுவதில்லை. அடிச்சட்டம் உறுதியாக இருப்பின் பழைய பாடியைக் கழற்றிப் புதியது கட்டிக்கொள்கிறார். அடிச்சட்டமே கெட்டிருப்பின், எத்துணை அழகிய பாடி கட்டினும் பயனில்லை என்பதை அவர் அறிவார்.

நாற்காலிக்கும் இதுவே அளவுகோல். துணி நைந்துபோகும், தேங்காய் நாரும் பஞ்சும் அமுங்கிப்போகும். அவை மாற்றுவதற்கென்றே அமைந்தவை. மரச்சட்டமோ நெடுநாள் நிற்பது. ஆகவே முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். மூட்டுகள் ஆடுகின்றனவா, வண்டு துளைத்த சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தென்படுகின்றனவா, கரையான் அரித்துள்ளதா என ஆராய்தல் வேண்டும். மூட்டு தளர்ந்தது மட்டுமே குறையெனின் தச்சர் பசையிட்டு இறுக்கிவிடுவார். மரமே உளுத்திருப்பின், மேலே பட்டுப் போர்த்தினும் அமர்பவர் விழுவது உறுதி. அந்நிலையில் புதியது வாங்குவதே சிக்கனம்.

துணியும் கூலியும் சேர்ந்தால் புதிய நாற்காலியின் விலை ஆகிவிடுகின்றதே எனக் கேட்கலாம். சில வேளைகளில் அஃது உண்மையே. ஆனால், எத்தகைய நாற்காலியின் விலை அது? மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான மலிவான இருக்கையைத் தேக்கு நாற்காலியோடு ஒப்பிடுதல் முறையன்று. அப்பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். கழன்ற திருகாணி அதே இடத்தில் மீண்டும் உறுதியாகப் பிடிப்பது அரிது. தேக்கோ, தோட்டத்தில் நட்டு வளர்ப்பினும் நன்கு முதிர 50 முதல் 60 ஆண்டுகள் வேண்டும். அத்தகைய மரத்தைக் கிழிந்த துணிக்காக விறகாக்குவது அறிவுடைமை ஆகாது.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. பழுது பார்ப்பதற்கு நாம் தரும் கூலி உள்ளூர்த் தொழிலாளரைச் சென்று சேர்கின்றது. நம் நாட்டில் பார்வையிழந்தோர் பலர் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் தொழிலைக் கற்று, அரசு அலுவலகங்களிலும் பணி பெற்றுள்ளனர். பிரம்பு அறுந்தவுடன் நாற்காலியை எறிந்துவிடும் வழக்கம் பெருகினால், இத்தகைய கைகளுக்கு வேலை ஏது?

மாணவர்களே! பழையது என்பதற்காக ஒரு பொருளைப் போற்றவும் வேண்டா; புதியது என்பதற்காக விரும்பவும் வேண்டா. சட்டம் உறுதியாயின் துணியை மாற்றுங்கள்; சட்டம் கெட்டதாயின் நாற்காலியை மாற்றுங்கள்.