நாங்கள் பட்டதோடு ஒப்பிட வேண்டாம்



ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் நாங்கள். இன்று மகள் கைத்தொலைபேசியைப் பார்த்து அழுதால், "இதுக்குப் போய் அழுகிறியே, நாங்கள் பட்டதை நீ பட்டியா?" என்று தாய்மார் கேட்டுவிடுவதுண்டு. அதோடு பிள்ளையின் வாய் மூடிக்கொள்கிறது.

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த அதே தொலைபேசியில் கேலியும் மிரட்டலும் வருகின்றன. முகநூலில் போலிக் கணக்குத் திறந்து அவதூறு எழுதுதல், படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக்கிப் பரப்புதல், வட்ஸ்அப் குழுவிலிருந்து வேண்டுமென்றே ஒதுக்குதல் ஆகிய எல்லாமே இணையவழித் துன்புறுத்தல்தான். பாடசாலையில் நடக்கும் சண்டை வீட்டுப் படலையோடு நின்றுவிடும். இதுவோ தலையணை வரை வருகிறது.

கைக்குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் நிறை பார்க்கிறோம். நோய் என்றா பார்க்கிறோம்? குறையத் தொடங்கினால் நேரத்தோடு அறியத்தான். பருவ வயதுப் பிள்ளையின் மனதையும் அப்படி இடைக்கிடை பார்க்க வேண்டும். இதற்கென வினாக்கொத்துகள் உண்டு. பிரித்தானிய உளமருத்துவர் ரொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 25 கூற்றுகள் உள்ளன. 11 வயதிலிருந்து பிள்ளை தானே நிரப்பலாம். மற்றப் பிள்ளைகள் தன்னைச் சீண்டுகிறார்களா என்பதும் அதில் உண்டு. ஆனால் தொலைபேசியில் நடப்பதை அது தனியாகக் கேட்பதில்லை. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• தொலைபேசி ஒலித்ததும் திடுக்கிடுதல், திரையை மறைத்தல்
• நித்திரையின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை
• காரணமில்லாத தலையிடி, வயிற்றுவலி
• பாடசாலைக்கோ ரியூசனுக்கோ போக மறுத்தல்
• சிநேகிதிகளை விட்டு ஒதுங்குதல், எரிந்து விழுதல்

இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், தனிமையில் இருத்திக் கேளுங்கள். பல பிள்ளைகள் மறைப்பது, தொலைபேசியைப் பறிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்ற பயத்தால்தான். ஆகவே, "உன்னில பிழை சொல்லமாட்டன், படிப்பை நிப்பாட்டமாட்டன்" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, "போனில ஆராவது உன்னை நோகப் பண்ணுகினமா?" என்று கேளுங்கள். ஆண்பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் வெட்கத்தால் இன்னும் ஆழமாக மறைப்பார்கள்.

"சாகலாம் போல இருக்கு" என்ற பேச்சு வந்தால் தட்டிக்கழிக்க வேண்டாம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அதனைத் தூண்டாது. சொல்லிவிட்டால் சுமை குறையும். அன்று பிள்ளையைத் தனியே விடாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். திரையைப் படமெடுத்து வைத்தால் அதுவே சாட்சி. மிரட்டுபவருக்குப் பணமோ படமோ அனுப்ப வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு முறையிடலாம். மன ஆறுதலுக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் உண்டு.

எங்கள் துயரம் பெரிதுதான். அதனால் பிள்ளையின் துயரம் சிறிதாகிவிடாது. அன்று எங்களிடம் "என்ன நடந்தது?" என்று ஆறுதலாகக் கேட்க ஆளில்லாமல் எத்தனை பேர் தவித்தோம்! பிள்ளைக்குக் கேட்க நாங்கள் இருக்கிறோம்.