மதிப்பீட்டுத் தாளில் இடம்பெறாத நீர்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றிப் பெங்களூரு தவித்துக்கொண்டிருந்த வேளையில், அந்நகரின் குடிநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாகனம் கழுவுவதற்கும், தோட்டத்துக்குப் பாய்ச்சுவதற்கும், கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். கார் கழுவுவதைத் தள்ளிப்போடலாம். செடிகளுக்குக் கழிவுநீரை ஊற்றலாம். ஆனால் முந்தின நாள் கான்கிரீட் போட்ட மேற்கூரை காத்திருக்காது. அதற்கு அன்றும் நீர் வேண்டும், மறுநாளும் வேண்டும். அந்த ஆணை வழக்கமாக யாரும் எழுப்பாத ஒரு கேள்வியை வீடு கட்டுவோர் முன் வைத்தது: ஒரு வீட்டின் கான்கிரீட்டுக்கு எவ்வளவு நீர் வேண்டும்? எத்தகைய நீர்? எத்தனை நாளைக்கு?

சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் வீட்டு உரிமையாளரிடம் தரும் மதிப்பீட்டுத் தாளில் இக்கேள்விக்கு விடை இருப்பதில்லை. சிமெண்ட் இத்தனை மூட்டை, கம்பி இத்தனை டன், எம்-சாண்டும் ஜல்லியும் இத்தனை லோடு, சென்ட்ரிங் சதுர அடிக்கு இவ்வளவு, கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லாம் இருக்கும். நீரைப் பற்றி இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி: ‘தண்ணீரும் மின்சாரமும் உரிமையாளர் பொறுப்பு.’ விலை குறிக்கப்படாத பொருளுக்கு அளவும் குறிக்கப்படுவதில்லை. அளவில்லாததற்கு யாரும் பொறுப்பேற்பதும் இல்லை. இந்திய நகரங்களில் தனிவீட்டுக் கான்கிரீட் வேலையின் பெரும்பாலான குறைகள் இந்த ஒற்றை வரியிலிருந்தே தொடங்குகின்றன. கூரையாயினும், கார் நிறுத்தும் தளமாயினும், வாசல் முற்றமாயினும், கான்கிரீட்டைத் திட்டமிடுவதென்பது நீரைத் திட்டமிடுவதே. அந்நீர் மூவகை: கலவைக்குள் போவது, இறுகும் தளத்துக்கு ஊட்டப்படுவது, முடிந்த தளத்தின்மேல் பெய்து வழிந்தோடுவது.

முதலாவது, கலவைக்குள் போகும் நீர். சிமெண்டின் எடைக்கும் நீரின் எடைக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 1918இல் டஃப் ஆப்ராம்ஸ் வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகிவிட்ட பாடம் அது. சிமெண்ட் வேதியியல் முறையில் பிணைத்துக்கொள்ளும் நீர் அதன் எடையில் நான்கில் ஒரு பங்கை எட்டாது. மற்றது, கலவையைக் கையாளத்தக்க பதத்துக்குக் கொண்டுவருவதற்காகச் சேர்க்கப்படுவது. அளவுக்கு மீறிச் சேர்ந்தது காலப்போக்கில் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. அத்துளைகளின் வழியே காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மழையின்மீது சாட்டப்படும் பழி, உண்மையில் கான்கிரீட் போட்ட அன்று கலவை இயந்திரத்தில் ஊற்றப்பட்ட குடங்களுக்கு உரியது.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு, மிக மிதமான சூழலில்கூட, நீர்–சிமெண்ட் விகிதம் 0.55ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456:2000. 50 கிலோ மூட்டைக்கு அது 27.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இக்கணக்கில் சேர்ந்ததே. மழை பெய்த மறுநாள் ஈர மணலை அள்ளிப் போட்டுவிட்டு, வழக்கமான குடக் கணக்கிலேயே நீரும் ஊற்றினால் விகிதம் கைமீறிவிடும். மூட்டைக்கு ஒரு குடம், அதாவது பத்து லிட்டர் கூடினால் விகிதம் 0.75. காகிதத்தில் எம்-20 என்று எழுதிய கான்கிரீட் அதன்பின் எம்-20ஆக இருப்பதில்லை. உரிமையாளர் சிமெண்டைக் குறைத்துவிட்டார்களோ என்று மூட்டையை எண்ணிக்கொண்டு நிற்கிறார். குடங்களை அவர் எண்ணுவதில்லை.

இங்கே மேஸ்திரியின் அறியாமையைக் குற்றம் சொல்வது எளிது. அது நியாயமும் ஆகாது, சரியான விளக்கமும் ஆகாது. கெட்டியான கலவை சட்டியில் தலைச்சுமையாக ஏறி மேலே வரவேண்டும். நெருக்கமாகக் கட்டிய கம்பிகளுக்கிடையே அது இறங்கவேண்டும். வைப்ரேட்டர் இல்லாத இடத்தில் கம்பியால் குத்தித்தான் இறக்கவேண்டும். எம்-சாண்டின் துகள்கள் ஆற்று மணலைப் போல உருண்டவையல்ல. கூரான அவை அதே பதத்துக்கு அதிக நீர் கேட்கின்றன. கூலியோ சதுர அடிக்குப் பேசப்பட்டது. இருட்டுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். இவ்வளவு நெருக்கடிக்கும் அவர் கையில் விலையின்றிக் கிடைக்கும் ஒரே தீர்வு தண்ணீர்க்குழாய். அவர் அதைத் திறப்பது அறிவீனத்தால் அன்று. திட்டமிட்டவர்கள் வேறெந்த வழியும் அவருக்கு வைக்கவில்லை என்பதால்தான். வைப்ரேட்டர் வாடகையும், கலவையை இளக்கும் வேதிப்பொருளின் விலையும், அளவுக் கோடு போட்ட ஒரு வாளியும் மதிப்பீட்டில் இருந்திருந்தால் அந்தக் குழாயைத் திறக்கும் தேவையே பெருமளவு குறைந்திருக்கும்.

இரண்டாவது, ஊட்டப்படும் நீர். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. கலக்கும்போது கஞ்சத்தனம் வேண்டிய அதே நீர், இறுகும்போது தாராளமாக வேண்டும். மேலே சொன்ன விதித்தொகுப்பு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெயிலும் வறட்சியும் மிக்க சூழலில் 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. சாம்பல் போன்ற கனிமக் கலப்புள்ள சிமெண்டுக்கு 10 நாளுக்குக் குறையாமலும், இயன்றால் 14 நாள் வரையிலும் என்கிறது. இன்று வீட்டு வேலைக்குக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. வகையே. அதில் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை இருக்கலாம். அச்சாம்பலின் வினை மெதுவானது. ஈரம் நீடித்தால்தான் அது முழுமை பெறும். ‘ஒரு வாரம் தண்ணீர் காட்டினால் போதும்’ என்ற பழைய வழக்கு, சிமெண்ட் மாறிய பின்னும் மாறாமல் நிற்கிறது.

கூரை கான்கிரீட் முடிந்த மாலையே ஒப்பந்தக் குழு அடுத்த மனைக்குப் போய்விடுகிறது. பதினான்கு நாள் நீர் காட்டுவது யார்? பெங்களூருவில், பெரும்பாலும், மனையிலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் காவலாளியின் குடும்பம். வட கர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த அக்குடும்பத்தின் பெண் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி இருப்பது அரிது. ஒரு கட்டடத்தின் ஆயுளைப் பாதியேனும் தீர்மானிக்கும் வேலை, கணக்கில் வராத ஒருவரின் கணக்கில் வராத உழைப்பாக நடக்கிறது. லாரித் தண்ணீர் வராத நாளில் தன் குடத்து நீரைத் தளத்துக்கு ஊற்றுவதா, பிள்ளைகளுக்கு வைப்பதா என்ற முடிவும் அவர் தலையிலேயே விழுகிறது.

இதற்கும் வழிகள் உண்டு. எவையும் புதியவை அல்ல. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தினால் வெயிலில் பீய்ச்சி வீணாக்கும் அளவில் பெரும்பகுதி மிஞ்சும். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி, அதன்மேல் பாலித்தீன் தாள் போர்த்தலாம். குடிநீரே வேண்டும் என்பதும் இல்லை. கலவை நீரின் காரகாடித்தன்மை 6க்குக் குறையக் கூடாது, குளோரைடும் சல்பேட்டும் இன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று விதித்தொகுப்பு வரம்பு வகுத்திருக்கிறது. அவ்வரம்புக்குள் அடங்குவதாகச் சோதித்துத் தெளிந்த சுத்திகரிப்பு நீரைப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை. இச்சோதனையைச் செய்து சொல்லும் ஏற்பாடு வார்டுதோறும் இருந்திருந்தால் 2024ஆம் ஆண்டு ஆணை சிறு வீடுகளுக்கு அபராத அச்சமாக மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

மூன்றாவது, பெய்து ஓடும் நீர். வீட்டு வேலையின் கடைசியில், பணமும் பொறுமையும் தீர்ந்த நிலையில் போடப்படுவது கார் நிறுத்தும் தளமும் வாசல் முற்றமும். கூரைக்காவது கம்பி வரைபடம் ஒன்று இருக்கும். இத்தளத்துக்கு எதுவும் இருக்காது. மிஞ்சிய ஜல்லியை நிரவி, மிஞ்சிய சிமெண்டில் கலந்து கொட்டிவிடுவார்கள். மறு ஆண்டு விரிசல் விட்டதும் ‘சிமெண்ட் சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் சிமெண்ட் காரணம் அல்ல. கான்கிரீட் உலரும்போது சுருங்கும். சுருங்க விடாமல் தரையும் சுவரும் பிடித்துக்கொண்டால் கிழியும். கிழிசல் வருமா என்பதைவிட எங்கே வரவேண்டும் என்பதுதான் திட்டமிடுபவர் முடிவு செய்யக்கூடியது. 100 மி.மீ. கனத் தளத்தில் ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, தளக் கனத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு, ஒரு நாளுக்குள் போட்டுவிட்டால் விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சுவரும் தளமும் சேருமிடத்தில் மெல்லிய நுரைப்பட்டை வேண்டும். அடியில் மேல்மண்ணை அகற்றி, நனைத்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டிருக்க வேண்டும். வட கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் உள்ள கரிசல் பூமியில் இதுவும் போதாது. ஈரத்தில் உப்பிக் கோடையில் பிளக்கும் அம்மண்ணைத் தோண்டி எடுத்துக் கிராவல் நிரப்பாமல் போட்ட தளம் எதுவும் நிலைப்பது அரிது.

இவற்றைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தளம் முழுவதும் கான்கிரீட்டாகத்தான் இருக்க வேண்டுமா? பெங்களூருவில் பரவலாகக் காணப்படும் 30க்கு 40 அடி மனையின் பரப்பு ஏறத்தாழ 111 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. மழை என்று குறைத்துக் கொண்டாலும், அம்மனையின்மேல் விழும் நீர் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். கூரையும் முற்றமுமாக மனை முழுதும் மூடப்பட்டு, வாட்டம் தெருவை நோக்கி வைக்கப்பட்டால் அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. 2022 செப்டம்பரில் கிழக்குப் பெங்களூருவின் செல்வக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறினார்கள். பதினெட்டே மாதத்தில் அதே நகரம் நீருக்கு வரிசையில் நின்றது. ஏரிகளும் ராஜகால்வாய்களும் அழிந்ததே இவ்விரண்டுக்கும் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் லட்சக்கணக்கான முற்றங்கள் அடைக்கப்பட்டதற்கும் அதில் பங்குண்டு. மழைநீர் சேகரிப்பைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் அங்கே 2009இலேயே வந்தது. கார் சக்கரம் ஓடும் இரு பட்டைகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, நடுவில் சரளையோ புல்லோ விடுவதும், மிச்ச வாட்டத்தை ஊறல் குழியை நோக்கித் திருப்புவதும் செலவைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றன.

‘இதெல்லாம் பார்க்காமல் கட்டிய வீடுகள் ஐம்பது ஆண்டாக நிற்கவில்லையா?’ என்ற மறுப்பு எப்போதும் வரும். நிற்கின்றன, ஆனால் நிற்பவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன, இடித்துக் கட்டியவை தெரிவதில்லை. மேலும், அக்காலச் சிமெண்ட் மெதுவாகப் பலம் ஏறுவது. அன்று விரைவாகச் சென்ட்ரிங் பிரிக்க வழியில்லாமல் பொறுமை கட்டாயமாக இருந்தது. 53 தரச் சிமெண்ட் சில நாளிலேயே காட்டும் பலம், மிகை நீரையும் குறை நீராட்டலையும் மறைத்துவிடுகிறது. குறை வெளிப்படும்போது ஒப்பந்ததாரரும் இல்லை, ரசீதும் இல்லை. வாழ்நாள் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் அதில் வைத்த குடும்பம் மட்டும் இருக்கிறது.

இதில் கல்விப்புலத்தின் பொறுப்பு சிறிதன்று. கட்டடப் பொறியியல் மாணவர்கள் ஐ.எஸ். 10262இன்படி கலவை வடிவமைக்கக் கற்கிறார்கள், 150 மி.மீ. கனசதுரத்தை 28ஆம் நாள் உடைத்துப் பார்க்கிறார்கள். நாட்டின் தனிவீடுகளில் பெரும்பாலானவற்றில் கனசதுரம் எடுக்கப்படுவதே இல்லை. ஆய்வகத்தில் கற்ற விகிதம் தெருவோரக் கலவை இயந்திரத்தில் என்ன ஆகிறது என்பதை அளக்க ஒரு நாள்கூடப் பாடத்திட்டம் ஒதுக்குவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு வீட்டின் கான்கிரீட் நாளில் உடனிருந்து மூட்டைக்கு எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது, கூம்பில் எடுத்த கலவை எவ்வளவு சரிந்தது, தொடர்ந்து எத்தனை நாள் ஈரம் இருந்தது என்று குறித்துவரட்டும். சமூக அறிவியல் மாணவர்கள் அந்த ஈரத்தைக் காத்தவர் யார், அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதட்டும். பெரிய நிதி வேண்டாத ஆய்வு இது. ஐந்தாண்டில் ஒரு நகரத்தின் வீடுகளைப் பற்றி இன்று எந்த அலுவலகத்திலும் இல்லாத தரவு கைக்கு வரும்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மதிப்பீட்டுத் தாளின் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, அவ்விடத்தில் மூன்று வரிகள் எழுதலாம்: மூட்டைக்கு இத்தனை லிட்டர் நீர், அதற்கான வாளியும் வைப்ரேட்டர் வாடகையும்; பதினான்கு நாள் நீராட்டல், அதற்கு இன்னாருக்கு இவ்வளவு கூலி; முற்றத்தின் வாட்டம் இன்ன திசையில், இன்ன குழிக்கு. மொத்தச் செலவில் இவை மிகச் சிறு பங்கே. வீடு கட்டப்போகும் உறவினரோ அண்டை வீட்டாரோ தாளை நீட்டி ‘பார்த்துச் சொல்’ என்று கேட்கும்போது, சதுர அடி விலையைப் பார்ப்பதற்கு முன் இம்மூன்று வரிகளும் அதில் இருக்கின்றனவா என்று படித்தவர்கள் பார்க்கலாம்.