விமானம் ஏறாதவரும் செலுத்தும் கட்டணம்

தரம் 11 வணிகக் கல்விப் பாடத்தில் அரச நிறுவனங்களைப் பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். "சேர், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நட்டமென்றால் அந்தக் காசை யார் கட்டுவது?" என்று ஒரு மாணவன் கேட்டான். வவுனியாவுக்கு வெளியே ஒரு கிராமத்துப் பிள்ளை. தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தாயை வழியனுப்ப கட்டுநாயக்கவுக்குப் போன அன்றுதான் அவன் விமானத்தைக் கிட்டத்தில் கண்டிருக்கிறான். "நீயும்தான் கட்டுகிறாய்" என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் நான் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

நமது தேசிய விமான சேவையின் கதை வடக்கைத் தொட்டுத்தான் தொடங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது டகோட்டா விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. நீண்ட தூரப் பயணங்களுக்கு அந்நிறுவனம் கேஎல்எம், பிஓஏசி போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் தயவிலேயே இருந்தது. எழுபதுகளின் இறுதியில் அது மூடப்பட்டு, 1979 செப்டெம்பரில் எயார் லங்கா வந்தது. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் உதவியோடு இரண்டு போயிங் 707 விமானங்களுடன் அது பறக்கத் தொடங்கியது.

1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்குகளை வாங்கி, பத்து வருடங்களுக்கு முகாமைத்துவத்தையும் பொறுப்பேற்றது. பெயர் ஸ்ரீலங்கன் ஆனது. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க மீதான புலிகளின் தாக்குதலில் அதன் மூன்று பெரிய எயார்பஸ் விமானங்கள் அழிந்தன. அந்த அடியிலிருந்தும் நிறுவனம் எழுந்து நின்றது.

அதை அடுத்துச் சாய்த்தது குண்டு அல்ல. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து கொழும்பு வரும் விமானத்தில், அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆசனங்கள் கேட்கப்பட்டன. ஏற்கனவே ஆசனம் பதிந்த பயணிகளை இறக்கிவிட நிறுவனம் மறுத்தது. சில நாட்களில் பிரதம நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி இரத்தானது. 2008இல் எமிரேட்ஸ் முகாமைத்துவத்தைக் கைவிட்டது. 2010இல் அதன் பங்குகளை அரசாங்கம் 53 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது.

எமிரேட்ஸ் நமக்குத் தர்மம் செய்ய வந்ததல்ல. தன் இலாபத்தையும் பார்த்துத்தான் வந்தது. ஆனாலும் டிக்கெட் எடுத்த பயணியின் ஆசனம் அவருக்கு உரியது என்று சொல்ல அன்று ஒருவர் இருந்தார். அதன் பின் நிலைமை என்னவானது?

2013இல் எயார்பஸ் நிறுவனத்திடம் புதிய விமானங்களுக்கு ஓடர் கொடுக்கப்பட்டது. அந்தக் கொள்வனவுக்காக, ஸ்ரீலங்கன் உயரதிகாரி ஒருவரின் மனைவியினுடைய கம்பனிக்கு 2 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்ட விவகாரம், 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையில் வெளிவந்தது. பின்னர் ஏ350 விமானங்கள் நமக்குப் பொருந்தாது என்று குத்தகையை இரத்துச் செய்ய, 98 மில்லியன் டொலர் அளவில் இழப்பீடு கட்டினோம். பறக்காத விமானத்துக்கும் காசு கட்டிய நாடு இது. 2007இல் தொடங்கிய மிஹின் லங்காவும் 2016இல் மூடப்பட்டு, அதன் சுமையும் ஸ்ரீலங்கன் தலையில் விழுந்தது.

எல்லா நட்டத்தையும் ஊழலின் கணக்கில் எழுதுவதும் நியாயமல்ல. விமானக் குத்தகையும் எரிபொருளும் டொலரில் கட்ட வேண்டியவை. ரூபா விழுந்தபோது கடன் தானாகவே வீங்கியது. கொரோனா வந்தது. 2022இல் இங்கு எரிபொருள் இல்லாமல் நமது விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு பறந்தன. அந்த நெருக்கடியிலும் சேவையை நிறுத்தாத ஊழியர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் இந்நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தன. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெயைக் கடனுக்குக் கொடுத்தது. வெளிநாட்டில் விற்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறிக்குத் திறைசேரியே பிணை நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனுக்காக 20 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. திறைசேரியின் காசு எங்கிருந்து வருகிறது? செட்டிகுளத்தில் பால்மா வாங்கும் தாயும் முல்லைத்தீவில் படகுக்கு மண்ணெண்ணெய் அடிக்கும் மீனவரும் கட்டும் வரியிலிருந்துதான். ஒரு பாடசாலைக் கூரையைத் திருத்த வருடக்கணக்கில் கடிதம் எழுதும் எங்களுக்கு இந்தத் தொகைகளின் கனம் நன்றாகவே விளங்கும்.

அப்படியானால் விற்றுவிடலாமா? கடந்த ஆட்சியில் விலைமனு கோரிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 2024இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வைத்திருப்பதிலும் நியாயம் உண்டு. திருச்சி, மதுரை, கொச்சி பயணிகளைக் கொழும்பு வழியாகக் கொண்டுசெல்வது நல்ல தொழில். வளைகுடாவில் உழைக்கும் நமது சகோதர சகோதரிகளுக்கும் நேரடி விமானம் வேண்டும். நெருக்கடி வரும்போது வெளிநாட்டுக் கம்பனி தன் கணக்கைத்தான் முதலில் பார்க்கும்.

விற்பதா வைத்திருப்பதா என்ற விவாதத்தில், யார் பதில் சொல்வது என்ற கேள்வி மறைந்துபோகக் கூடாது. பணிப்பாளர் சபைக்கு உறவும் கட்சியும் பார்த்து ஆள் போடக்கூடாது. எந்தப் பாதையில் இலாபம், எதில் நட்டம் என்பது வருடாவருடம் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். விமானம் வாங்கும் ஒப்பந்தம் கையொப்பமிடப்பட முன்னரே பாராளுமன்றத்தின் பார்வைக்கு வர வேண்டும். கோப் குழு பின்னர் கூடிக் கேள்வி கேட்பதால் போன காசு திரும்பாது.

பொதுச் சொத்து ஓர் அமானிதம். பள்ளிவாசல் உண்டியல் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் நாம், நாட்டின் உண்டியல் கணக்கையும் கேட்கப் பழக வேண்டும். அடுத்த பாடத்துக்கு நிறுவனத்தின் வருடாந்த அறிக்கையைத் தேடி வரும்படி அந்த மாணவனிடம் சொல்லியிருக்கிறேன். தாய் திரும்பி வரும் விமானத்தின் கணக்கை மகன் வாசிக்கப் பழகட்டும்.